நர்சிங்குக்கு ஒரு தத்துவம் தேவையா? பராமரிப்பு மெய்யியலும் நம் வார்டும்

திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது: "பராமரிப்புதான் நர்சிங்கின் சாரம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். வாட்சன், லெய்னிங்கர் என்று நர்சிங் கோட்பாடு எழுதியவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். வார்டுக்குப் போனால் ஒரு சிஸ்டருக்கு நாற்பது பேஷண்ட். 'தியரி எல்லாம் பரீட்சையோடு சரி' என்று சீனியர்கள் சிரிக்கிறார்கள். நோயாளியிடம் அன்பாக இருங்கள் என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா? இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?"

தேவை என்றுதான் சொல்வேன். ஆனால் 'நர்ஸ் என்றால் தாய்க்குச் சமம்' என்று செவிலியர் தினமான மே 12ஆம் தேதி மேடையில் பேசுவார்களே, அந்தக் காரணத்துக்காக இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் பொது மருத்துவ வார்டில் பல வருடம் நின்றுவிட்டு, அப்புறம் பாடம் எடுக்கப் போனவள் நான். என் அனுபவத்தில், பராமரிப்பு மெய்யியல் பேசுவது உணர்ச்சியைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி. நாம் செய்த வேலை எதிரில் படுத்திருப்பவரிடம் போய்ச் சேர்ந்ததா, அதை யார் பார்ப்பது, பார்க்க நேரம் யார் கொடுப்பது என்பதுதான் அதன் முக்கியமான கேள்வி. உங்கள் நோட்டில் அந்தப் பகுதி அநேகமாக ஒரே வரியில் முடிந்திருக்கும்.

இது மருத்துவமனையில் தொடங்கிய சிந்தனை இல்லை. லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆராய்ச்சி செய்து, மனிதரின் அற உணர்வு ஆறு படிகளில் வளர்கிறது என்றார். மேல்படிக்குப் போகப்போக ஒருவர் சொந்தம், ஊர் என்ற கட்டுகளைத் தாண்டிப் பொதுவான நீதிக் கொள்கைகளால் யோசிப்பார் என்பது அவர் கணக்கு. அவரோடு ஹார்வர்டில் வேலை பார்த்த கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய புத்தகத்தில் அந்த ஏணியையே சந்தேகித்தார். அதில் வரும் ஒரு சோதனைக் கதை பிரபலம். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரர் கட்ட முடியாத விலை சொல்கிறார், கணவன் திருடலாமா? பதினோரு வயதுப் பையன் ஒருவன், பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்று நேராகச் சொல்லிவிடுகிறான். அதே வயதுப் பெண் தயங்குகிறாள். திருடி ஜெயிலுக்குப் போய்விட்டால் அப்புறம் அந்த மனைவிக்கு மறுபடி முடியாமல் போகும்போது யார் பார்ப்பது, உட்கார்ந்து பேசி வேறு வழி கண்டுபிடிக்க முடியாதா என்கிறாள். பழைய அளவுகோலில் அவளுக்கு மார்க் குறைவு. கில்லிகனோ, அவள் குறைவாக யோசிக்கவில்லை, வேறு கேள்வியை யோசிக்கிறாள் என்றார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள், அந்த உறவு அறுந்துபோகாமல் என்ன செய்யலாம் என்பது அவள் கவலை.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் "புண் ஆறிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதும்போது, "வீட்டில் கட்டு மாற்ற யாரும்மா இருக்கா?" என்று கேட்கும் சிஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கில்லிகன் சொன்ன அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் கட்சி.

1984இல் நெல் நாடிங்ஸ் (டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது) இதை இன்னும் கூர்மையாக்கினார். கணக்கு டீச்சராக இருந்தவர், பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். பராமரிப்பு என்பது ஒருவரின் நல்ல குணம் அல்ல, இருவருக்கு நடுவே நடக்கும் காரியம் என்பது அவர் வாதம். நான் எவ்வளவு பாடுபட்டாலும், அதை வாங்கிக்கொள்பவர் ஏதோ ஒரு விதத்தில் வாங்கிக்கொண்டதாகத் தெரியாதவரை அது முழுமையாகவில்லை. சுயநினைவில்லாத நோயாளிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வார்டில் பெரும்பாலானவர்கள் நினைவோடுதான் படுத்திருக்கிறார்கள். அவர்களிடமே நாம் கேட்பதில்லையே!

நர்சிங்குக்கு ஒரே ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், நான் ஜோன் ட்ராண்டோவைச் சொல்வேன். அவர் அரசியல் சிந்தனையாளர். 1993இல் வந்த புத்தகத்தில் பராமரிப்பை நான்கு கட்டமாகப் பிரித்தார்: ஒரு தேவை இருப்பதைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பேற்பது, கையால் செய்வது, செய்ததை அவர் எப்படி ஏற்றார் என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்பு வேண்டும். முதலாவதற்குக் கவனம், இரண்டாவதற்குப் பொறுப்பு, மூன்றாவதற்குத் திறமை, நான்காவதற்கு அவருடைய எதிர்வினைக்கு இடம் கொடுக்கும் மனது. திறமையை ஓர் அறப் பண்பாக அவர் சேர்த்ததுதான் என்னைக் கவர்ந்தது.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி என்று வையுங்கள். மருமகள் கூட இருக்கிறார். மாமனார்மேல் உண்மையான பாசம். படுத்த வாக்கிலேயே தலையை லேசாகத் தூக்கி, தண்ணியாகக் கரைத்த கஞ்சியை டம்ளரில் வாயில் ஊற்றுகிறார். தண்ணியாக இருந்தால் லேசாக இறங்கும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் நம்புவது. பக்கவாதத்தில் நேர் எதிர். விழுங்கும் தசை தடுமாறும்போது தண்ணிப் பொருள்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போகும்; குழைவாக இருப்பது பல நேரம் பாதுகாப்பு. முதலில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கரகரவென்று ஈரமாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இருமினாலோ குரல் மாறினாலோ வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் ரைல்ஸ் டியூப் தேவைப்படலாம். சாப்பிட்டதும் அரைமணி நேரமாவது சாய்க்காமல் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் காட்டிய பாசம் மூன்றாம் நாள் நிமோனியாவாக வந்து நிற்கும். மருமகளைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குக் காட்டித்தரவில்லை. காட்டித்தருவதுதான் இங்கே பராமரிப்பு. அதற்கு இனிமையான முகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது நான்காவது கட்டத்துக்கு வருவோம், அதிகம் தவறிப்போவது அதுதான். அதே பெரியவர், ஒரு வாரம் கழித்து. இன்டேக் சார்ட்டில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. "குடிங்க ஐயா, நிறைய குடிக்கணும்" என்கிறோம். "சரிம்மா" என்கிறார். குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் சிறுநீர் வரும். வந்தால் மருமகளைப் பெட்பேன் வைக்கச் சொல்ல வேண்டும், அல்லது மகன் வரும்வரை அடக்க வேண்டும். பெண்கள் வார்டில் இது இன்னும் அதிகம். கழிப்பறை தூரம், தாழ்ப்பாள் சரியில்லை, ராத்திரி தனியே போகப் பயம் என்று தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, காய்ச்சல். நம் சார்ட் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று சொல்லும். முதல் மூன்று கட்டமும் ஒழுங்காக நடந்த கேஸ் இது. தேவையைக் கவனித்தோம், பொறுப்பேற்றோம், தண்ணீரும் எடுத்து வைத்தோம். அவரிடம் போய்ச் சேரவில்லை. "ஏன் குடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாலும் பதில் வராது, வெட்கம். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிச்சீங்க, யார் கூட்டிட்டுப் போனா?" என்று கேட்டால் வரும். ஆண் உதவியாளரை இந்த நேரத்துக்கு வரச் சொல்கிறேன், ஒரு யூரின் கேனைக் கட்டிலிலேயே மறைவாக வைக்கிறேன், திரை இழுத்துவிடுகிறேன் என்று சொன்னால் மறுநாள் சார்ட்டே மாறும்.

இதே பெரியவரை வைத்தே இன்னொருவரையும் பார்த்துவிடலாம். ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் எழுதிய பெரிய புத்தகத்தில், மனித இருப்பே அக்கறையால் ஆனது என்று சொல்லிவிட்டு, பிறர்மேல் காட்டும் அக்கறை இரண்டு விதமாக இருக்கலாம் என்கிறார். ஒன்று, அவர் செய்ய வேண்டியதை நாமே உள்ளே புகுந்து செய்துவிடுவது. மற்றது, அவர் தானே செய்யும்படி முன்னால் போய் வழி திறந்துவிடுவது. (மனிதராக ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்; அக்கறையைப் பற்றி எழுதுவதற்கும் அதைக் காட்டுவதற்கும் உள்ள இடைவெளிக்கு அவரே போதும்.) பட்ரிசியா பென்னர் என்ற செவிலிய அறிஞர் ஜூடித் ரூபெலோடு சேர்ந்து 1989இல் எழுதியதில் இந்தச் சிந்தனையை நர்சிங்குக்குக் கொண்டுவந்தார்.

நம் பெரியவருக்கு வலக்கை வராது, இடக்கை நன்றாக இருக்கிறது. புத்தகம் 'மற்ற கையால் சாப்பிடப் பழக்கு' என்கிறது. அவரோ அறுபது வருடமாக இடக்கையால் சோற்றைத் தொட்டதில்லை. எதிர்க்கட்டிலில் சொந்த ஊர்க்காரர் வேறு படுத்திருக்கிறார். எனவே மருமகள் ஊட்டிவிடுகிறார், நாமும் விட்டுவிடுகிறோம். இரண்டு மாதத்தில் அவர் ஊட்டினால்தான் சாப்பிடுகிறவர் ஆகிவிடுவார். ஸ்பூன் கொடுங்கள். கையால் எடுப்பதைவிட ஸ்பூனுக்குக் கூச்சம் குறைவு. முதல் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் திரை போடுங்கள். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி வையுங்கள். வலக்கையையும் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது மறந்துபோகக் கூடாது. ஊட்டிவிட ஐந்து நிமிடம், இப்படிச் செய்ய அரைமணி. நாற்பது பேஷண்டில் அந்த அரைமணி எங்கிருந்து வரும் என்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று எங்கே சமூக சுகாதாரப் பணிக்குப் போனாலும் நீங்கள் சந்திக்கப்போகிறவர் நடவுக்குப் போகும் சர்க்கரை நோயாளி. அவருக்காக நெதர்லாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் அன்னமாரி மோலைச் சொல்ல வேண்டும். அவர் சர்க்கரை நோய் கிளினிக்குகளில் உட்கார்ந்து கவனித்து எழுதினார். ஆங்கிலத்தில் 2008இல் வந்தது. இன்றைய மருத்துவம் நோயாளியை வாடிக்கையாளராகப் பார்க்கிறது, தகவலைக் கொடுத்துவிட்டு 'முடிவு உங்களுடையது' என்று ஒதுங்கிக்கொள்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. நல்ல பராமரிப்போ, இன்று ஒன்றைச் செய்து பார்த்து, அடுத்த வாரம் அதைத் திருத்தி, அதற்கடுத்த வாரம் மறுபடி திருத்தி என்று போய்க்கொண்டே இருக்கும்.

'வெறுங்காலுடன் நடக்காதீர்கள்' என்று நம் துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவைத் தண்ணீர் வந்துவிட்டால், நடவுக் கோஷ்டியில் இருக்கும் பெண் செருப்போடு சேற்றில் எப்படி இறங்குவார்? இறங்காவிட்டால் அன்றையக் கூலி இல்லை. அறிக்கையைக் கொடுத்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்று திரும்பிவிடுவது சுலபம். மோல் சொல்லும் வழியில் போனால் வேலை இப்படி மாறும். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (பாதத்தில் அழுத்திப் பார்க்கும் மெல்லிய நைலான் இழை) வைத்துப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உணர்ச்சி போய்விட்டது என்றால், முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கும்படி காட்டுங்கள். கோஷ்டித் தலைவியிடம் பேசிப் பாருங்கள்: புண் இருக்கும் நாட்களில் சேற்றில் இறங்காமல் வரப்பில் நாற்றுமுடி எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைக்குமா? நூறு நாள் வேலை நடக்கும் சமயம் என்றால் எம்.சி.ஆர். செருப்போடு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போகலாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பாதத்துக்குத் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். அலுப்புக்குச் சுடுதண்ணீரில் காலை வைக்கும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. உணர்ச்சியில்லாத கால் அதில் வெந்துபோகும், தெரியாது. உள்ளங்காலைப் பார்க்கக் கண் தெரியாதவர் என்றால் பேரப்பிள்ளையை மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் போய்ப் பாருங்கள். இதில் பாதியை அவர் செய்திருக்க மாட்டார். ஏன் முடியவில்லை என்று கேட்டு மாற்றுங்கள்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கவும் என்ற வாசகம் அப்போது யாருக்கும் உதவாது. ஈர மணலில் மண்பானையை வைத்து, அதற்குள் தண்ணீர் படாமல் மருந்தை வைக்கக் கற்றுக்கொடுத்தால்தான் உதவி.

லெய்னிங்கருக்கு வருவோம், அவர் உங்கள் பாடத்தில் இருப்பவர். மடலின் லெய்னிங்கர் செவிலியர், மானுடவியலாளர் இரண்டும். பப்புவா நியூ கினியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். நோயாளியின் பண்பாட்டை மூன்று விதமாகக் கையாளலாம் என்றார்: அப்படியே காப்பது, விட்டுக்கொடுத்துச் சமன் செய்வது, மாற்றி அமைப்பது. பிரசவ வார்டில் ஒரு நாள் நின்றால் மூன்றும் விளங்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் கொண்டுவருகிறார்கள். தொந்தரவு செய்யாதீர்கள், அந்தத் தூக்குவாளியில் பாட்டியின் மரியாதை இருக்கிறது. குளித்ததும் சாம்பிராணி போடுகிறார்கள். அம்மாவின் தலைமுடிக்குப் போடட்டும், குழந்தை அடுத்த அறையில் இருக்கட்டும், புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது, சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றுவது, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பது, இந்த மூன்றும் மாற வேண்டியவை. சேனை விஷயத்தில் சண்டை போட்டால் தோற்பீர்கள், அவர்கள் நீங்கள் போனபிறகு வைப்பார்கள். வைக்க வந்த பெரியவரின் குணம் பிள்ளைக்கு வர வேண்டும் என்பதுதானே ஆசை? குழந்தையை முதலில் அவர் கையில் வாங்கச் சொல்லி, அவரையே "தாய்ப்பால் கொடும்மா" என்று சொல்ல வையுங்கள்.

வாட்சனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1979இல் பத்துக் காரணிகள் தந்தார், பின்னாளில் அவற்றை ஆன்மிகச் சாயலில் திருப்பி எழுதினார். பரீட்சைக்கு எழுதுங்கள். பராமரிப்பை விஞ்ஞானத்தோடு சேர்த்து ஒரு துறையின் நடுவில் வைத்தது அவர் செய்த பெரிய காரியம். ஆனால் அவர் மொழி புகைமூட்டமாக இருக்கிறது. கட்டில் பக்கத்தில் நிற்கும்போது என் கைக்கு எதுவும் கிடைத்ததில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

வெளிநாட்டுச் சரக்கு என்றீர்கள். பெயர்கள் வெளிநாடு. விஷயம் அப்படியில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம், கடைசிக் குறள், 950. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. சரகரின் ஆயுர்வேத நூலும் இதே நான்கைச் சொல்லி, பணிவிடை செய்பவருக்கு நான்கு தகுதி வைக்கிறது: செய்முறை அறிவு, கைத்திறமை, நோயாளிமேல் பற்று, சுத்தம். பற்று மட்டும் போதும் என்று அது சொல்லவில்லை, பாருங்கள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை உள்ள மருத்துவமனையைப் பதிவு செய்கிறது. அதில் வைத்தியர், அறுவை செய்பவர் ஆகியோரோடு நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் ஊதியம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிட்டால் பொய்யாகிவிடும். நம் டெல்டா கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள். இடுப்புவலி வந்தால் நடுராத்திரியில் ஆள் அனுப்பிக் கூட்டி வருவார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவரே, மறுவாரம் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போக முடியாது. கூலி, அறுவடைக்களத்தில் அளக்கும் நெல். அப்புறம் ஆங்கில மருத்துவம் வந்தபோதும், அடுத்தவர் உடம்பைத் தொட்டு, மலஜலம் எடுத்து, ராத்திரி வேலை பார்ப்பது நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று பலரும் ஒதுங்கியதால், தென்னிந்தியாவின் முதல் தலைமுறைச் செவிலியர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். ட்ராண்டோ இதைத்தான் வேறு நாட்டை வைத்துச் சொல்கிறார். பொறுப்பேற்பது கௌரவமான வேலை, கையால் செய்வது தாழ்ந்த வேலை என்று சமூகம் பிரித்து வைக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு 'அது என் வேலை இல்லை' என்று விலகி நிற்கும் சலுகை கிடைக்கிறது. 'அப்பாவை நல்லா பாத்துக்கிறேன்' என்று சொல்லும் மகன் பணம் கட்டுவார், கழுவிவிடுவது மருமகள்.

அதனால்தான் தேவதை, தியாகம் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கே பிடிக்கவில்லை. 1859இல் வந்த அவருடைய சிறிய புத்தகத்தில், நல்ல செவிலி என்றால் பக்தியும் கீழ்ப்படிதலும்தான் என்பவர்களைக் கிண்டல் செய்து, அந்த இலக்கணம் சுமைதூக்கிக்கும் பொருந்தும், குதிரைக்கும் பொருந்தும் என்கிறார். நோயாளியிடம் "எல்லாம் சரியாகிடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் வழக்கத்தைத் திட்ட ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறார். இன்னொரு அத்தியாயம், நான் இருக்கும்போது நடப்பது நான் இல்லாதபோதும் நடக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது. தியாகத்தால் அது நடக்காது, ஏற்பாட்டால்தான் நடக்கும்.

நாற்பது பேஷண்ட் கேள்விக்கு இங்கேதான் பதில். போதனை மருத்துவமனையில் 3 நோயாளிக்கு 1 செவிலியர், மற்ற மருத்துவமனையில் 5 நோயாளிக்கு 1 என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நாற்பதுக்கு ஒருவர் என்னும்போது அந்த ஒருவரிடம் 'உனக்கு அக்கறை போதவில்லை' என்பது அநியாயம். நம் அரசு வார்டுகள் ஓடுவதே அட்டெண்டர்களால், அதாவது நோயாளியோடு கூடத் தங்கும் உறவினர்களால். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது, பெட்பேன் எல்லாம் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ மகளோ செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை, அவர்கள் சாப்பிட்டார்களா என்றும் யாரும் கேட்பதில்லை. தொகுப்பூதியத்தில் எடுத்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியபோது 'சேவை செய்ய வந்தவர்கள் சம்பளம் கேட்கலாமா' என்று கேட்டவர்களும் உண்டு. பராமரிப்பு மெய்யியலைச் சரியாகப் படித்தவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். ட்ராண்டோ 2013இல் தன் நான்கு கட்டத்தோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார்: பராமரிக்கும் சுமையை எல்லோரும் நியாயமாகப் பங்குபோட்டுக்கொள்ளும்படி நாடு நடக்க வேண்டும் என்பது. ஆள் எண்ணிக்கை கேட்டு மனுக் கொடுப்பதும் அந்தக் கணக்கில் நர்சிங் வேலைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உறவை நடுவில் வைத்து யோசிக்கும் அறம் நம் ஊரில் சுலபமாக வேறு பக்கம் சாயும். 'நம்ம ஊர்க்காரர்', 'நம்ம ஆளு' என்று தெரிந்தால் டிரிப்ஸ் சீக்கிரம் மாறும், ஓரத்துக் கட்டிலில் கூட ஆளில்லாமல் கிடப்பவருக்கு மாறாது. இனிக்கப் பேசுகிறவர் கட்டில் பக்கம் நாம் அதிகம் நிற்போம். எரிந்து விழுகிறவரைத் தாண்டிப் போவோம். அங்கே கோல்பெர்க்கின் பொது நீதி தேவைப்படுகிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லிக் கில்லிகனும் கேட்கவில்லை. நான் மாணவிகளுக்குச் சொல்வது, ட்யூட்டி தொடங்கியதும் யாருக்கு ஆளில்லை என்று முதலில் பாருங்கள் என்பதுதான்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்? மாத்திரை கொடுக்கப் போகும் நேரம் எப்படியும் ஒவ்வொருவரிடமும் நிற்கிறீர்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்மா" என்பார்கள். "நேத்து கொடுத்தது ஒத்துக்கிச்சா, ராத்திரி தூங்க முடிஞ்சுதா?" என்று கேளுங்கள், கூடுதல் நேரம் ஆகாது. ஷிப்ட் முடிந்து அடுத்த சிஸ்டரிடம் ஓவர் கொடுக்கும்போது பி.பி., ஷுகரோடு ஒரு வரி சேருங்கள்: '12ஆம் கட்டில், வெட்கத்தால் தண்ணீர் குடிக்கவில்லை, ஆண் உதவியாளர் வேண்டும்'. அடுத்த ஷிப்டுக்கு அந்த அறிவு போய்ச் சேரும். கூடவே அட்டெண்டர்களை நாலைந்து பேராக நிறுத்தி, புரட்டிப் போடுவது, உட்கார வைத்து ஊட்டுவது இரண்டையும் செய்து காட்டுங்கள். மேலே கேட்ட அந்த அரைமணியில் கொஞ்சம் இங்கிருந்து கிடைக்கும். முழுவதும் கிடைக்காது. மீதிக்கு ஆள்தான் வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே இந்தச் சிந்தனை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் வலிநிவாரணப் பராமரிப்புச் செவிலியரோடு ஒரு நாள் போய்வாருங்கள். குணமாகாத நோயாளியின் வீட்டில் மருந்துக்கு வேலை கொஞ்சம்தான். படுக்கைப்புண், வாய் சுத்தம், குழாய் மாற்றுவது, மகளுக்குத் தூக்கம் என்று மீதி எல்லாமே நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.

கடைசி வருட ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடும்போது, அட்டெண்டர்களை எடுங்கள் என்பது என் யோசனை. ஒரு வார்டில் மூன்று ஷிப்டிலும் அவர்கள் என்னென்ன செய்கிறார்கள், எதை யார் சொல்லிக்கொடுத்தார்கள், எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று கேட்டு எழுதினாலே நிறையக் கிடைக்கும். கேஸ் ஷீட்டில் அவர்கள் செய்யும் எதற்கும் கட்டம் கிடையாது. நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், கேள்வித்தாளைத் தமிழிலேயே தயார் செய்யுங்கள், பகலில் மட்டும் போகாமல் ராத்திரியும் போய் உட்காருங்கள்.